யார் கணக்கில் எழுத?

ஜனவரி 9, ராத்திரி பத்து மணி சுமாருக்கு எங்கள் வீட்டில் ஒரு தணிக்கைத் தடை, அதாவது ஆடிட் ஆட்சேபம், எழுந்தது. எழுப்பியவளுக்கு வயது எட்டு.

‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் வாசித்து முடித்திருந்தேன். ரஜாய்க்குள் காலை இழுத்துக்கொண்டு, படித்ததைக் குறித்துவைக்கத் தலைமாட்டில் இருந்த ரெஜிஸ்டரை எடுத்து என் பெயருக்கு நேரே எழுதப் போனேன். மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அது என் புக்கும்மா.”

“படிச்சது நான்தானடி?”

“கேட்டது நான்தான? நான் கேக்கலன்னா நீ படிச்சிருப்பியா?”

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த அம்மா, குல்லாவைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு, “ரெண்டு பேரும் எழுத வேண்டாம். நானுந்தான் முழுசாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். என் பேர்ல போடுட்டி” என்றாள்.

ஒரே ரசீதை வைத்து மூன்று பேர் பணம் கேட்டால் ஆபீஸில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். விளக்கம் கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவோம். வீட்டில் திருப்பி அனுப்ப இடமில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். அந்த வரி மறுநாள் வரைக்கும் காலியாகவே கிடந்தது.

நான் வேலை பார்ப்பது தில்லியில், ஐடிஓ பக்கம், தணிக்கைத் துறையில். பதினாறு வருஷமாக அடுத்தவர் கணக்கைப் பார்த்துப் பார்த்து, சொந்தக் கணக்கில் நான் எவ்வளவு பெரிய புளுகுணி என்பது போன டிசம்பரில்தான் தெரிந்தது. படித்த புத்தகங்களைப் பதிவுசெய்ய ஃபோனில் ஒரு செயலி வைத்திருந்தேன். வருஷக் கடைசியில் அது எனக்கு வாழ்த்துச் சொன்னது: 112 புத்தகம். ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் போடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, போடுமுன் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். தொண்ணூறுக்கு மேல் சின்னவனுக்கு வாசித்த படப் புத்தகங்கள். அந்தச் செயலிக்கு ஒரு தலைப்பு என்றால் ஒரு புத்தகம், அவ்வளவுதான். யானையும் எறும்பும் வருகிற 16 பக்கமும் ஒன்று, ‘பொன்னியின் செல்வ’னில் ஒரு பாகமும் ஒன்று. சைக்கிளையும் லாரியையும் ‘வாகனம் 2’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் போல இருந்தது.

அதனால் ஜனவரி 1 அன்று முனிர்கா கடைத்தெருவில் ஒரு ரெஜிஸ்டர் வாங்கினேன். நீளவாக்கில் இருக்கும், துணி ஒட்டிய முதுகு, கோடு போட்ட தாள். ஐந்து பத்தி: தேதி, புத்தகம், யார், எத்தனை பக்கம், சிறுவர் நூலா பெரியவர் நூலா. ஒரே ஒரு மாதம் ஒழுங்காக எழுதிப் பார்ப்பது என்று திட்டம். ஜனவரி அதற்குத் தோதான மாதம். முதல் பாதி குளிர்கால விடுமுறை, பிள்ளைகள் வீட்டில். வெளியே மூடுபனியில் எதிர் பிளாக் தெரியாது. ஹீட்டர் இருக்கும் ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் அடைந்துகிடக்கும். போதாக்குறைக்கு அம்மா வேறு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். குளிர்காலத்தில் தில்லிக்கு வருகிற ஒரே திருநெல்வேலிக்காரி அவளாகத்தான் இருக்கும். கேட்டால், வெயிலை ஊரிலேயே வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது என்பாள்.

முதல் வாரத்திலேயே பக்கப் பத்தி இடறியது. படப் புத்தகங்களில் பாதிக்கு மேல் பக்க எண்ணே போடுவதில்லை. பக்க எண் இல்லாத ரெஜிஸ்டரை ஆபீஸில் பார்த்தால் அதற்கென்றே ஒரு தடை எழுதுவோம். இங்கே விரலை நக்கிக்கொண்டு நானே எண்ணினேன். எண்ணியதில் ஒன்று பிடிபட்டது: எல்லாம் 16, 24, 32. நடுவில் 19 பக்கம், 27 பக்கம் என்றெல்லாம் வருவதே இல்லை. அச்சகத்தில் ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதை ஃபாரம் என்பார்கள். ஒரு ஃபாரம், ஒன்றரை ஃபாரம், இரண்டு ஃபாரம். கதை எழுதுகிறவரின் யானை எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைத் தாளின் மடிப்பும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. அந்த 16 பக்கத்திலும் அட்டை, உள்தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போனால் கதைக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோதான் மிஞ்சும்.

பக்கத்துக்குப் பதிலாக எடையைப் போட்டுப் பார்க்கலாமா என்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்துவந்த பழைய புத்தகச் சந்தை 2019-இல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. அங்கே சில கடைகளில் தராசு உண்டு. நாங்கள் இரண்டு கிலோ வாங்கினோம். மகள் பங்குக்கு ஒன்பது ஆங்கிலக் கதைப் புத்தகம் வந்தது. ‘ஜனவரி 4: இரண்டு கிலோ’ என்று அவள் எழுதியிருப்பது இப்போதும் ரெஜிஸ்டரில் இருக்கிறது. தணிக்கைக்காரி என்ற முறையில் சொல்கிறேன், அந்த மாதத்தில் மறுபேச்சில்லாமல் சரிபார்க்க முடிந்த ஒரே பதிவு அதுதான்.

சின்னவன் விஷயம் தனி. நாலு வயது. அவன் மாதம் முழுக்க ஆறு புத்தகத்துக்கு மேல் தொடவில்லை. ஆனால் அந்த யானைப் புத்தகத்தை மட்டும் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி இரண்டு என்று மருந்துபோல் கேட்டான். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி எழுதினால் ரெஜிஸ்டர் தாங்காது. அம்மாதான் வழி சொன்னாள்: “பால் கணக்கு மாதிரிக் கோடு போடேன்.” ஊரில் பால்காரருக்குச் சுவரில் கரிக்கோடு போட்டவள். நாலு கோடு நிற்க, ஐந்தாவது குறுக்கே. அதையே செய்தோம். 12-ஆம் தேதிக்குள் யானைக்கு நேரே நாலு கட்டு சேர்ந்துவிட்டது.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பெரியவர்களுக்குச் சலிப்பு என்றுதான் சொல்வார்கள், எனக்கும் சலிப்புதான். ஆனால் ஏழாவது தடவை நான் அலுப்பில் ஒரு வரியைத் தாவினேன். அவன் என் கையைப் பிடித்துப் பக்கத்தைப் பின்னால் தள்ளி, “தவளைய விட்டுட்ட” என்றான். அவனுக்கு ஓர் எழுத்து தெரியாது. பதினைந்தாவது தடவைக்கு மேல், நான் ‘ஒரு நாள்’ என்று தொடங்கினால் அவன் முடித்தான். பிறகு ஒரு மத்தியானம், பால்கனி வெயிலில் ஆச்சி மடியில் உட்கார்ந்து அவனே முழுப் புத்தகத்தையும் வாசித்தான், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. அம்மா ஊங்கொட்டினாள். அதை எழுதுவதா கூடாதா? படித்தான் என்று எழுத மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு கதை தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது, கையில் புத்தகம் இருந்தது, கேட்டவரும் இருக்கிறார். ஒரு கோடு போட்டேன்.

அங்கேதான் எனக்கு அலகு மாறியது. புத்தகத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, உட்கார்ந்து எழுந்த தடவைகளை எண்ணத் தொடங்கினேன். ஒருவரோ ஒன்பது பேரோ, ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்து எழுந்தால் ஒரு கோடு. ‘யார்’ பத்தியில் உட்கார்ந்த எல்லாருடைய முதலெழுத்தும். மகளின் தடைக்கும் அதுவே பதில். ‘டோட்டோ-சா’னுக்கு நேரே ‘அ, ம, ஆ’ என்று மூன்று எழுத்துப் போட்டேன்: அம்மா (நான்), மகள், ஆச்சி. மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னோடது ஃபர்ஸ்ட் வரணும்” என்று மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.

இதற்கு நடுவே இன்னொரு குற்றச்சாட்டு வந்தது. இது கொஞ்சம் கனமானது.

என் மகளுக்கு இந்தியும் ஆங்கிலமும் சரளம். ‘சம்பக்’ இதழை இந்தியில் அரைமணியில் முடித்துவிடுவாள். தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டித்தான். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நான் சொல்லிக்கொடுப்பது. அதனால் தமிழ்ப் புத்தகங்களை நானே வாசித்துக் காட்டிவந்தேன். அப்படி நாலைந்து தடவை கேட்ட ஓர் அணில் கதையை அவள் ஒரு நாள் தானே வாசிக்க எடுத்தாள். விரலை வைத்து, “அ…ணில்… கி…ளை…க்குக்… கி…ளை… தா…விச்… செ…ன்…ற…து.” நிறுத்தினாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

“இதுல கொப்பு எங்கம்மா?”

“என்ன கொப்பு?”

“‘அணில் கொப்புக்குக் கொப்பு தாவிப் போச்சு’ன்னுதான நீ படிப்ப? இங்க கொப்பும் இல்ல, போச்சும் இல்ல. நீ இல்லாததப் படிச்சிருக்க.”

உண்மைதான். நான் அறியாமலே, கண் எழுத்துத் தமிழில் ஓட, வாய் திருநெல்வேலித் தமிழில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. ‘சென்றது’ என்று அச்சில் இருந்தால் ‘போச்சு’. ‘வினவினான்’ என்று இருந்தால் ‘கேட்டான்’. ‘மகிழ்ச்சியடைந்தது’ என்று இருந்தால் ‘அதுக்கு ஒரே சந்தோசம்’. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிற எல்லாருமே இதைச் செய்வார்கள் என்று நினைக்கிறேன். இந்தியிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கும்போது எனக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. அச்சில் இருப்பது அப்படியே வாயில் வரும். தமிழில் மட்டும் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துத்தான் கொடுக்கிறோம், தமிழிலிருந்து தமிழுக்கு.

அம்மாவைக் கூப்பிட்டு நியாயம் கேட்டோம். “அணிலுக்குக் கொப்புதான். கெளைன்னு எழுதினவரு மரத்துல ஏறியிருக்க மாட்டாரு” என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

நான் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சிறுவர் புத்தகங்களைப் பேச்சுத் தமிழில் எழுதினால் என்ன என்று ஒரு பக்கம் தோன்றும். யாருடைய பேச்சில் எழுதுவது? கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குக் கொப்பு எதற்கு, சென்னைப் பிள்ளைக்கு ‘கெடக்கு’ எதற்கு? ‘சென்றது’ என்பது யார் வீட்டிலும் புழங்காத சொல், அதனாலேயே எல்லார் வீட்டுக்கும் பொது. ஆனால் தில்லியில் வளர்கிற பிள்ளைக்கு அது மூன்றாவது தமிழ். ஆச்சி பேசுவது ஒன்று, நான் இங்கே வந்து தேய்த்து வைத்திருப்பது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. அந்த அணில் புத்தகத்தின் 24 பக்கத்தை முடிக்க அவளுக்கு நாலு நாள் ஆனது. முடித்த அன்று சாப்பாட்டுத் தட்டோடு சமையலறைக்குப் போகும்போது, “நான் சென்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் யாரும் போகவில்லை, வரவில்லை, சென்றோம், வந்தடைந்தோம்.

ரெஜிஸ்டரில் ஓரமாக ஆறாவது பத்தி ஒன்று போட்டேன். உள்ளபடி வாசித்தால் ‘உ’, மாற்றி வாசித்தால் ‘மா’. அந்தப் பத்தியில் அன்றுவரை நான் வாசித்துக் காட்டிய அத்தனை தமிழ்ப் புத்தகத்துக்கும் ‘மா’.

இனி அம்மாவின் கணக்கு. அவள் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். வலக்கண்ணில் போன ஐப்பசியில்தான் புரை எடுத்தார்கள், இடக்கண் பாக்கி. ஊரில் வாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டுவாள், கந்த சஷ்டி கவசம் மனப்பாடம். புத்தகம் என்று எதையும் அவள் கையில் நான் பார்த்ததில்லை. இங்கே நான் ஆபீஸ் போனபிறகு, டிவியில் இந்தி ஓடுகிற வீட்டில் அவளுக்கு வேறு என்ன சோலி? ஒரு நாள் திரும்பி வந்தபோது பால்கனியில் வெயில் போன இடத்தில் நாற்காலி கிடக்கிறது, அதன்மேல் சின்னவனின் புத்தகங்கள் ஐந்து அடுக்கி வைத்திருக்கிறது.

“இவன் எல்லாத்தையும் எடுத்துப் போட்டிருக்கானா?”

“நான்தான் எடுத்தேன். வாசிச்சாச்சு. அடுத்தது இருக்கா?”

அவற்றில் மூன்று பிரதம் புக்ஸ் வெளியீடு. பெங்களூரில் 2004-இல் தொடங்கிய பதிப்பகம், பல இந்திய மொழிகளில் மலிவு விலையில் போடுகிறார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் வாசிப்பு நிலை போட்டிருக்கும்: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நாலாவது அதற்கு மேல். அம்மா வாசித்தது முதல் நிலை. ஒரு பக்கத்துக்கு இரண்டே வரி, கட்டைவிரல் தண்டிக்கு எழுத்து. ஒற்றைக் கண்ணுக்குத் தோதாக இருந்திருக்கிறது. அட்டையில் இருந்த ‘1’ என்ன என்று கேட்டாள், சொன்னேன். முகம் மாறிவிட்டது.

“ஒண்ணாங்கிளாஸா? நான் அஞ்சு முடிச்சவட்டி. பெரிசாக் குடு.”

நாலாம் நிலைப் புத்தகம் ஒன்று கொடுத்தேன். மறுநாள் ராத்திரி அதை என் தலையணைமேல் வைத்துவிட்டு, “கதை நல்லாத்தான் இருக்கு. எழுத்து பொடி எழுத்து. ரெண்டுக்கு எறக்கி விடு” என்றாள்.

அவள் வாசிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். மனசுக்குள் வாசிக்கத் தெரியாது. ராகம் போட்டு, திண்ணையில் ராமாயணம் வாசிக்கிற மாதிரி, ‘ஒரூ ஊரிலே ஒரூ பூனை’ என்று நீட்டி முழக்குவாள். சின்னவன் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவான். மகள் காதைப் பொத்திக்கொண்டு தன் ஆங்கிலப் புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போவாள், கதவை மட்டும் சாத்த மாட்டாள்.

அம்மா பெயரில் எழுதும்போது அந்த ஐந்தாவது பத்தி பல்லை இளித்தது. சிறுவர் நூலா, பெரியவர் நூலா? வாசித்தவருக்கு 71 வயது. அதே ராத்திரி, ஒருவர் தன் சிறு வயதைப் பற்றி எழுதி 1981-இல் ஜப்பானில் வெளியான நினைவுக் குறிப்பான ‘டோட்டோ-சா’னை எட்டு வயதுக்காரி கேட்டுக்கொண்டு இருக்கிறாள். ஜனவரி 17 அன்று அந்தப் பத்தியை அடித்தேன். வெள்ளை மை தடவவில்லை, அது குற்றம். தலைப்பில் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.

என்னுடைய வாசிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலையணை மாதிரி ஓர் ஆங்கிலப் புத்தகத்தை 62-ஆம் பக்கத்தில் விட்டேன், வருத்தமில்லை. ஆபீஸ் கையேடு 300 பக்கம் புரட்டியதை எழுதவில்லை, அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். உருப்படியாக முடித்தது ஆதவனின் ‘காகித மலர்கள்’. தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்தது. வாசித்தது மெட்ரோவில்: முனிர்காவில் ஏறி, ஹவுஸ் காஸில் ஒரு மாற்றம், சென்ட்ரல் செக்ரெட்டேரியட்டில் இன்னொரு மாற்றம், ஐடிஓவில் இறங்கும்வரை. தில்லியைப் பற்றிய நாவலைத் தில்லிக்கு அடியில் ஓடும் ரயிலில் வாசிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. மெட்ரோவுக்கு ரொம்ப முந்தைய தில்லி அது. ஆனால் அடுத்தவர் கண்ணுக்காக வேஷம் கட்டிக்கொண்டே இருக்கிற அந்த மனிதர்கள் எதிர் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் ஃபோன் மட்டும் கூடுதல்.

அம்மாவிடம், இவர் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர் என்றேன். “அப்பளத்து ஊராச்சே! யாரு வீட்டுப் பிள்ள?” என்று உடனே வம்சாவளிக்குப் போனாள். 1942-இல் பிறந்தவர், தில்லியில் வளர்ந்தவர், நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தார், 1987-இல் சிருங்கேரியில் துங்கா ஆற்றோடு போய்விட்டார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு ஆத்துலயா” என்றாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்து, உள்ளே ஒரு பக்கம் விரித்து, எழுத்தின் அளவைக் கண்டு மூடி வைத்துவிட்டாள்.

நேஷனல் புக் டிரஸ்ட் 1957-இல் தொடங்கியது. கார்ட்டூனிஸ்ட் சங்கரின் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் அதே 1957-தான். இரண்டாவது இருக்கிற நேரு ஹவுஸ் என் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம், பகதூர் ஷா ஜஃபர் மார்கில். பொம்மை மியூசியமும் அங்கேதான். பத்து வருஷம் அந்த வாசலைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனது இந்த ஜனவரியில்தான். ரெஜிஸ்டருக்கு ஏதாவது சேர்க்க வேண்டுமே என்ற பேராசைதான் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு வைக்க ஆரம்பித்தால் நூலகங்களின் கணக்கும் கண்ணில் படும். ‘காகித மலர்கள்’ கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் முத்திரைகள் மங்கியும் கோணலுமாக இருந்தன. எனக்கு முன்னால் யார் யாரோ இதே புத்தகத்தோடு உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். பெயர் கிடையாது, தேதி மட்டும். நூலகவியல் என்றாலே நினைவுக்கு வருகிற எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1947 முதல் சில வருஷம் இதே தில்லியில் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் சொல்லிக்கொடுத்தார். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. பெரியவருக்குச் சரி. என் வீட்டுச் சின்னவனின் நேரத்தை மிச்சப்படுத்த நான் ஒரே ஒரு தவளையைத்தான் தாவினேன், விட்டானா?

‘டோட்டோ-சான்’ 15 ராத்திரி ஓடியது. ரயில் பெட்டிகளில் நடக்கிற பள்ளிக்கூடம், புதிதாக வந்த பெண் சொல்வதையெல்லாம் நாலு மணி நேரம் கேட்கிற தலைமையாசிரியர் கோபயாஷி. இவற்றைவிட எங்கள் வீட்டில் பிடித்துக்கொண்டது சாப்பாட்டு விஷயம். பிள்ளைகளின் டிபன் டப்பாவில் கடலிலிருந்து ஒன்றும் மலையிலிருந்து ஒன்றும் இருக்க வேண்டும் என்பார் கோபயாஷி. எது குறைகிறதோ அதைப் போட அவர் மனைவி இரண்டு பாத்திரத்தோடு வருவார். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள் காலையில் மகள் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். கடல் எங்கே, மலை எங்கே? மலைக்குக் கேரட் என்றேன், அது வயல் என்றாள். கடலுக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தால் வகுப்பில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மணி ஏழு, வேன் வரும் நேரம். அம்மா அடுப்படியிலிருந்து வெண்பொங்கலை அள்ளிக்கொண்டு வந்து டப்பாவில் போட்டாள்.

“கடலுக்கு உப்பு. மலைக்கு மொளகு. போயிட்டு வா.”

மகள் ஒரு விநாடி யோசித்துவிட்டு, “சென்று வருகிறேன்” என்று கிளம்பினாள்.

ஜனவரி 29 அன்று கடைசி அத்தியாயங்கள். 1945-இல் விமானத் தாக்குதலில் அந்தப் பள்ளி எரிகிறது. தெருவில் நின்று தீயைப் பார்த்துக்கொண்டே கோபயாஷி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார். சின்னவன் தூங்கிப்போயிருந்தான். மகள் கேட்டாள்: “கட்டினாரா?”

கட்டவில்லை. அந்தத் தொடக்கப் பள்ளியை மறுபடி எழுப்புமுன்பே 1963-இல் இறந்துபோனார் என்று பின்னுரையில் இருக்கிறது. பின்னுரை என் விரலுக்கு அடியில் இருந்தது. “அது அடுத்த தடவ” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். ரெஜிஸ்டரை எடுத்து மூன்று முதலெழுத்தும் போட்டேன். ஆறாவது பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. ‘உ’ என்று எழுதினால் பொய். ‘மா’ என்று எழுதினால் அவள் நாளைக்குப் பார்த்துவிட்டு எதை மாற்றினாய் என்று கேட்பாள். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். எனக்குத் தெரிந்து என் கைப்பட எழுதிய கணக்கில் காலியாக விட்ட முதல் கட்டம்.

மாதக் கடைசிக் கூட்டல் இது. தலைப்புகள் 37. உட்கார்ந்து எழுந்தவை 148. அதில் நான் தனியாக 22, அத்தனையும் மெட்ரோவில். மகள் தனியாக 31. சின்னவனும் அவன் கையில் அகப்பட்ட யாரோ ஒருவரும் 63. அம்மா தனியாக 17. ‘டோட்டோ-சான்’ 15. டிசம்பரில் 112 புத்தகம் படித்ததாக வாழ்த்து வாங்கியவள், ஜனவரியில் வீட்டுக்குள் தனியாக ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. வீட்டில் நான் வாசித்தது எல்லாமே வாய்விட்டு, யாருக்காவது. கணவர் பெயரே இல்லையே என்று கேட்பீர்கள். அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யாமல் இருக்கும்படி எங்களிடம் சொன்னது ஏழு தடவை என்று மகள் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அம்மாவை ரயிலேற்ற நிஜாமுதீன் போனோம். திருக்குறள் எக்ஸ்பிரஸ். கட்டுச்சோற்றுப் பைக்குள் இரண்டாம் நிலைப் புத்தகம் இரண்டு இருந்தது. அவள் சொல்லாமல்தான் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் மகள் வீட்டிலேயே அலமாரியை எண்ணிப் பார்த்திருக்கிறாள். பிளாட்பாரத்தில் தன் ஸ்கூல் பையிலிருந்து ரெஜிஸ்டரை எடுத்தாள். பெஞ்சில் வைத்து, தப்பும் தவறுமாகத் தமிழிலேயே எழுதினாள்: ஆச்சி, 2 புத்தகம், திரும்பத் தரவேண்டிய நாள் 15.

“ஆச்சி, லேட் ஆச்சுன்னா ஒரு நாளைக்கு ஒரு ரூபா ஃபைன்.”

“அதுக்குள்ள எப்படிட்டித் திருப்பித் தர முடியும்? நான் ஊரு போய்ச் சேரவே ரெண்டு நாளாகும்.”

“ரூல்னா ரூல்தான்.”

அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினாள். “சரி, எழுதி வை. ஒங்க அம்மைதான் கணக்குப் பாக்கவா, அவகிட்ட வாங்கிக்கோ.”

இன்றைய தேதிக்கு 43 ரூபாய் ஆகிறது.